போர்க்கப்பலும் நற்செய்திப் பணியும்: அட்மிரல் கேம்பியரின் வாழ்வு நமக்கு எழுப்பும் வினா

சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. பல ஓடைகள் அன்று ஒரே ஆற்றில் கலந்தன. அவற்றுள் பெரியதோர் ஓடை சர்ச் மிஷனரி சங்கத்தின் பணியினால் உருவான சபைகள் ஆகும். திருநெல்வேலிச் சபைகளின் வரலாற்றைக் கற்கும் எவரும் அச்சங்கத்தின் பெயரைப் பக்கந்தோறும் காண்பர். ரேனியஸ் ஐயரின் பெயரையும் ஹஃப் ஐயரின் பெயரையும் நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். ஆயினும், அச்சங்கத்தின் முதல் தலைவர் யார் என்பதை நம்மில் மிகச் சிலரே அறிவர். அவர் பேராயருமல்லர், இறையியலறிஞருமல்லர். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஒருவர். ஜேம்ஸ் கேம்பியர் என்பது அவர் பெயர். ஐரோப்பிய நகரம் ஒன்றைத் தீக்கிரையாக்கிய படையெடுப்பில் கடற்படைக்குத் தலைமை தாங்கி ஐந்தாண்டுகள் கழிந்தபின் அவர் இச்சங்கத்தின் தலைவரானார். அந்நகரமோ, தமிழகத்துக்கு முதன்முதல் சீர்திருத்தச் சபை மிஷனரிகளை அனுப்பிய நகரம்.

இவ்விரு செய்திகளையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேம்பியரைத் தீர்ப்புக்கூண்டில் நிறுத்துவது நம் கருத்தன்று. அவரைப் புனிதராக்குவதும் நம் கருத்தன்று. ஒரு மனிதரின் பக்தியும் அவருடைய தொழிலும் ஒன்றையொன்று எவ்வாறு தொட்டன, எங்கே தொடாமற்போயின என்பதை ஆராய்ந்தால் நமக்கும் அதில் பாடம் உண்டு.

இளமையும் பக்தியும்

கேம்பியர் 1756ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் பஹாமாத் தீவுகளில் பிறந்தார். அவருடைய தந்தை அத்தீவுகளின் துணை ஆளுநர். குடும்பமோ, சமயத் துன்புறுத்தலுக்குத் தப்பிப் பிரான்சிலிருந்து இங்கிலாந்து வந்த ஹியூகனாட் மரபினது. சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவரை அத்தை மார்கரெட்டும் அவர் கணவர் சார்லஸ் மிடில்டனும் வளர்த்தனர். மிடில்டன் கடற்படைத் தலைவர். பின்னாளில் பார்ஹாம் பிரபு எனப் பட்டம் பெற்றவர். கெண்ட் மாகாணத்தில் டெஸ்டன் என்னும் ஊரிலிருந்த அவர்கள் இல்லம், அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பாடுபட்ட சுவிசேஷப் பற்றாளர் கூடும் இடமாக விளங்கிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் பட்ட பாட்டை நேரிற் கண்டு எழுதிய ஜேம்ஸ் ராம்சே அவ்வூரின் ஆயராயிருந்தார். வில்பர்ஃபோர்ஸ் அப்போராட்டத்தைப் பாராளுமன்றத்தில் ஏற்று நடத்தவேண்டுமென்று தூண்டியவர்களுள் திருமதி மிடில்டனும் ஒருவர். இத்தகைய இல்லத்தில் கேம்பியரின் ஆன்மிக வாழ்வு வேரூன்றியது.

பதினோரு வயதில், 1767இல், அவர் பெயர் கடற்படைப் பதிவேட்டில் ஏறிற்று. 1778இல் கப்பல் தலைவரானார். அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றினார். 1794 ஜூன் முதல் நாள் பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த பெரும்போரில் ‘டிஃபென்ஸ்’ என்னும் 74 பீரங்கிக் கப்பலுக்குத் தலைவராயிருந்தார். எதிரியின் அணியை முதலாவதாக ஊடுருவியது அக்கப்பலே. அதன் பாய்மரங்கள் அனைத்தும் முறிந்து வீழ்ந்தன. போர் முடிந்தபின் அவ்வழியே சென்ற வேறொரு கப்பலின் தலைவர், கர்த்தர் தாம் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார் என்னும் எபிரெயர் நிருபத்தின் கருத்தை எடுத்துச்சொல்லி அவரை நகையாடினார் என்பர். அந்த நகைப்பிலிருந்து ஒன்று விளங்குகிறது: கேம்பியரின் பக்தி கடற்படை முழுவதும் அறிந்த செய்தியாயிருந்தது.

அவர் தம் கப்பலில் ஒழுங்காக ஜெபக்கூட்டம் நடத்தினார். ஆபாசப் பேச்சைத் தடைசெய்தார். கப்பலுக்கு வரும் பெண்கள் மணமானவர்கள் என்பதற்குச் சான்று காட்டவேண்டுமென்று கட்டளையிட்டார். மாலுமிகள் அவரைச் ‘சோக ஜிம்மி’ என்ற பொருள்பட அழைத்தனர். பிற்காலத்தில் அவர் கடற்படை ஆட்சிக் குழுவின் உறுப்பினராகவும் நியூஃபவுண்ட்லாந்தின் ஆளுநராகவும் பணியாற்றினார். லண்டன் மிஷனரி சங்கத்தின் ‘டஃப்’ என்னும் கப்பல் தென்கடல் தீவுகளுக்குப் புறப்பட்டபோது அதற்கு உதவியவர்களுள் இவரும் ஒருவர். ஆகவே அக்கப்பலின் தலைவர் ஜேம்ஸ் வில்சன் 1797இல் தாம் கண்ட தீவுக்கூட்டம் ஒன்றுக்குக் கேம்பியரின் பெயரை இட்டார். பசிபிக் பெருங்கடலில் அத்தீவுகள் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன.

1807: கோப்பன்ஹேகன்

1807ஆம் ஆண்டு கிறிஸ்தவ மனச்சாட்சியின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க ஆண்டு என்று நாம் சொல்வதுண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. டெஸ்டன் இல்லத்தில் விதைக்கப்பட்ட விதை அன்று கனி தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதே இல்லத்தின் பிள்ளை கோப்பன்ஹேகன் நகரின்முன் பெருங்கடற்படையோடு நின்றார்.

அப்போது டென்மார்க் பிரிட்டனோடு போரிடவில்லை. நடுநிலை நாடாகவே இருந்தது. ஆயினும் நெப்போலியனும் ரஷ்யப் பேரரசரும் ஜூலை மாதத்தில் டில்சிட்டில் உடன்படிக்கை செய்துகொண்டபின், டென்மார்க்கின் போர்க்கப்பல்கள் நெப்போலியன் கையில் சிக்கிவிடுமோ என்று லண்டன் அரசு அஞ்சியது. கப்பல்களை ஒப்படைக்கும்படி கேட்டது, டென்மார்க் மறுத்தது. நிலப்படைக்குக் காத்கார்ட் பிரபுவும் கடற்படைக்குக் கேம்பியரும் தலைமை தாங்கினர். செப்டம்பர் 2ஆம் நாள் மாலை தொடங்கிய குண்டுமழை 5ஆம் நாள்வரை இரவுதோறும் நகரின்மீது பொழிந்தது. மக்கள் குடியிருந்த தெருக்கள் எரிந்தன. தூய மரியன்னையின் பெயரால் விளங்கிய பேராலயத்தின் கோபுரம் தீப்பற்றி வீழ்ந்தது, ஆலயம் பாழாயிற்று. இறந்த குடிமக்களின் தொகையை நூலாசிரியர்கள் பலவாறு கூறுவர். பல நூறு பேர் மடிந்தனர் என்பதில் ஐயமில்லை. செப்டம்பர் 7ஆம் நாள் நகரம் பணிந்தது. டென்மார்க்கின் கடற்படையை ஆங்கிலேயர் கைப்பற்றிச் சென்றனர். பாராளுமன்றத்தில் இச்செயலைக் கண்டித்துப் பலர் பேசினர். அரசோ கேம்பியருக்குப் பிரபுப் பட்டம் அளித்தது.

இந்நிகழ்ச்சியில் நம் நாட்டின் நிழலும் படிந்திருந்தது. நகரின்மீது ஏவப்பட்டவற்றுள் காங்கிரீவ் என்பவர் உருவாக்கிய ராக்கெட்டுகளும் இருந்தன. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கையாண்ட மைசூர் ராக்கெட்டுகளைக் கண்டபின்னரே ஆங்கிலேயர் அவற்றை உருவாக்க முற்பட்டனர். கோப்பன்ஹேகனுக்குத் தெற்கே டேனிஷ் படையை முறியடித்த ஆர்தர் வெல்லெஸ்லியோ, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டவர். சென்னைக் கோட்டையிலும் வாழ்ந்தவர். பேரரசின் கரங்கள் ஒரு கண்டத்தில் கற்றதை மற்றொரு கண்டத்தில் பயன்படுத்தின.

தரங்கம்பாடிக்கு நேர்ந்தது

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்குக் கோப்பன்ஹேகன் அந்நிய நகரமன்று. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1705 நவம்பரில் குருப்பட்டம் பெற்றது அந்நகரில்தான். 1706 ஜூலை 9ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியில் கால் வைத்தனர். 1714இல் மிஷன் பணியை மேற்பார்வையிடும் குழு நிறுவப்பட்டதும் அந்நகரிலேயே. தமிழில் அச்சான புதிய ஏற்பாடும், தமிழ்ப் பிள்ளைகளுக்கான பள்ளிகளும், தமிழ்க் குருமாரின் வரிசையும் அவ்வூற்றிலிருந்து பெருகியவையாகும்.

கோப்பன்ஹேகன் எரிந்தபின் டென்மார்க் பிரிட்டனின் பகைநாடாயிற்று. 1808 பிப்ரவரியில் ஆங்கிலப் படை தரங்கம்பாடியைக் கைப்பற்றிற்று. 1815வரை அவ்வூர் ஆங்கிலேயர் வசமே இருந்தது. கோப்பன்ஹேகனிலிருந்து வரவேண்டிய பணமும் ஆதரவும் தடைப்பட்டன. மிஷன் தளர்ந்தது. இத்தளர்ச்சிக்குப் போர் ஒன்றே காரணமென்று கூறுவது சரியாகாது. ஜெர்மனியில் பரவிய பகுத்தறிவுக் கொள்கையினால் ஹாலே நகரில் மிஷன் ஆர்வம் முன்னரே குன்றிவிட்டது; புதிய ஊழியர் வருகையும் அருகிவிட்டது. எனினும், நோயுற்றிருந்தவன்மேல் விழுந்த அடிபோலப் போர் அம்மிஷனைத் தாக்கிற்று என்பதை மறுக்க இயலாது.

அந்நெருக்கடிக் காலத்திலும் மூத்த மிஷனரியான ஜான் ஐயர் தளரவில்லை. சாதி வேறுபாடின்றிப் பிள்ளைகள் பயிலத்தக்க இலவசப் பள்ளிகளைச் சுற்றூர்களில் தொடங்கினார். பதினைந்து தமிழ்ப் பள்ளிகளும் ஐந்து ஆங்கிலப் பள்ளிகளும் நடைபெற்றதைப் பற்றிய அவருடைய அறிக்கை 1813இல் லண்டனில் வெளியாயிற்று. அவ்வாண்டே ஜான் ஐயர் காலமானார். பள்ளிகளைத் தாங்க ஒரு கை தேவைப்பட்டது. அக்கையை நீட்டியது எது? கேம்பியரைத் தலைவராகக் கொண்ட சர்ச் மிஷனரி சங்கமே.

1812 முதல் 1833 வரை

இச்சங்கம் 1799 ஏப்ரல் 12ஆம் நாள் லண்டன் மாநகரில் விடுதி ஒன்றின் அறையில் தோன்றியது. பேராயர்களின் ஆதரவு தொடக்கத்தில் கிட்டவில்லை. 1812இல் சங்கம் தன் பெயரையும் அமைப்பையும் ஒழுங்குபடுத்தியபோது, சமுதாயத்தில் மதிப்புள்ள பொதுநிலைத் தலைவர் ஒருவரை நாடிற்று. கேம்பியர் பிரபு முதல் தலைவரானார். அன்றாடப் பணிகளைச் செய்தவர் செயலரான ஜோசையா பிராட் முதலியோர். ஆயினும் தலைவரின் பெயர் பல கதவுகளைத் திறந்தது. 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, இந்தியாவில் மிஷனரிகள் பணிபுரிய வழிசெய்யும் விதி அதில் இடம்பெற்றது. அதன்பின் சங்கம் இந்தியாவுக்கு அனுப்பிய முதல் ஊழியர்கள் ரேனியஸ், ஷ்நாரே என்னும் இரு ஜெர்மானியர்.

1814 ஜூலை 4ஆம் நாள் அவர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகில் அலைகளைக் கடந்தே எவரும் கரையேறவேண்டும். ஆளுநரானாலும் அட்மிரலானாலும் மிஷனரியானாலும், துடுப்பு வலித்த தமிழ்ப் படகோட்டிகளின் கைத்திறனை நம்பியே நிலத்தில் கால் வைத்தனர்.

ரேனியஸும் ஷ்நாரேயும் தமிழ் கற்பதற்காக முதலிற் சென்ற இடம் தரங்கம்பாடி. இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். எந்தத் தளபதி நின்ற படையெடுப்பின் விளைவாகத் தரங்கம்பாடி மிஷன் தன் தாய்நகரிலிருந்து துண்டிக்கப்பட்டதோ, அதே தளபதியின் தலைமையிலுள்ள சங்கத்தின் ஊழியர்கள் அங்கே மாணவராய்ச் சென்று தமிழ் பயின்றனர். அங்கே எஞ்சியிருந்த காமரர் ஐயர் அவர்களை ஏற்றார். தமிழகத்தின் பழைய மிஷன் புதிய மிஷனுக்கு மொழியையும் முறையையும் கற்றுக்கொடுத்தது.

1815இன் தொடக்கத்தில் ரேனியஸ் சென்னைக்குத் திரும்பினார். 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், கவனிப்பாரற்றுக் கிடந்த திருநெல்வேலிச் சபைகளின் நிலையைச் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். அவ்வேண்டுகோளின்படி 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டை சென்றார். அவருடைய திருநெல்வேலிப் பணியின் பெரும்பகுதி கேம்பியர் தலைவராயிருந்த காலத்திலேயே நடைபெற்றது. கேம்பியர் 1833 ஏப்ரல் 19ஆம் நாள் இறந்தார். சாகும்வரை அவரே சங்கத்தின் தலைவர்.

இதற்கிடையே 1814இல் அமெரிக்காவுடன் நடந்த சமாதானப் பேச்சில் பிரிட்டனின் தூதுக்குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் கெண்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே நாளில் கிழக்கிந்தியக் கடற்படைத் தலைவர் சாமுவேல் ஹூட் சென்னையில் காய்ச்சலால் இறந்தார் என்பது கடற்படை வரலாறு காட்டும் ஓர் ஒற்றுமை. பின்னர், அமெரிக்கப் பேராயர் ஃபிலாண்டர் சேஸ் இறையியற் கல்விக்கூடம் ஒன்றுக்காக இங்கிலாந்தில் நிதி திரட்டியபோது கேம்பியர் அவருக்குத் துணைநின்றார். 1824இல் நிறுவப்பட்ட கெனியன் கல்லூரி அமைந்த ஒஹையோ மாநில ஊர் அவர் பெயரையே பெற்றது. அழித்த கை கட்டவும் செய்தது.

மனச்சாட்சியின் எல்லை

கேம்பியருக்கு மனச்சாட்சி இல்லை என்று கூறுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. 1809இல் பிரெஞ்சுக் கடற்படையைப் பாஸ்க் முகத்துவாரத்தில் அடைத்து நின்றபோது, தீக்கப்பல்களை எதிரியின்மீது ஏவும் யோசனை எழுந்தது. அது கொடூரமான போர்முறை என்று கேம்பியர் மேலிடத்துக்கு எழுதினார். ஏப்ரல் 11ஆம் நாள் இரவு கொக்ரேன் பிரபு தீக்கப்பல்களோடு தாக்கினார். பிரெஞ்சுக் கப்பல்கள் பல தரைதட்டின. கேம்பியர் தம் பெருங்கப்பல்களை உடனே அனுப்பவில்லை. கொக்ரேன் அவரைக் குறைகூறியபோது, கேம்பியர் தாமே இராணுவ நீதிமன்ற விசாரணையைக் கோரினார். ஆகஸ்டு மாதத்தில் குற்றமற்றவரெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அத்தீர்ப்பின் நேர்மைபற்றிய விவாதம் நெடுங்காலம் ஓயவில்லை.

நம்மைச் சிந்திக்கவைப்பது இதுவே: போர்க்கப்பலிலுள்ள படைவீரர்மீது தீயை ஏவுவது கொடூரமென்று உணர்ந்த அதே உள்ளம், ஒன்றரை ஆண்டுகளுக்குமுன் பெண்களும் குழந்தைகளும் உறங்கிய நகரின்மீது தீ பொழிந்த படையெடுப்பில் முன்நின்றது. அரசின் கட்டளை என்ற சொல் அங்கே மனச்சாட்சியின் குரலை அடக்கிற்று. மாலுமி ஒருவன் குடித்தால் பாவம். ஆபாசம் பேசினால் பாவம். மணச்சான்றில்லாப் பெண் கப்பலேறினால் பாவம். நாடு ஒன்று நடுநிலை நாட்டின் தலைநகரை எரித்தால் அது பாவமா என்னும் வினாவுக்கு அவருடைய பக்திமுறையில் இடம் இருக்கவில்லை. தனிமனிதப் பாவத்தை நுணுகிக் காணும் கண், கூட்டுப் பாவத்தைக் காணத் தவறியது. அடிமை வாணிபம் கூட்டுப் பாவமென்பதை அவரைச் சேர்ந்தோர் கண்டுகொண்டனர் என்பதையும் மறவாதிருப்போம். ஆகவே அக்கண் முற்றிலும் குருடன்று. தன் தேசத்தின் படைபலத்தை நோக்கித் திரும்பும்போதே அதன் ஒளி மங்கியது.

எளிய விடைகள் இரண்டு

இவ்வரலாற்றைக் கேட்போர் இரண்டு எளிய விடைகளை நாடுவதுண்டு. முதலாவது விடை: கடவுள் எல்லாவற்றையும் நன்மைக்காகவே நடத்துகிறார்; தரங்கம்பாடி தாழ்ந்து திருநெல்வேலி உயர்ந்தது அவருடைய சித்தம்; ஆகவே கோப்பன்ஹேகனைப்பற்றிக் கவலை ஏன்? இவ்விடையை நாம் ஏற்கலாகாது. தீமையிலிருந்து நன்மையைக் கடவுள் பிறப்பிப்பார் என்பது நம் விசுவாசம். அதனால் தீமை நன்மையாகிவிடாது. யோசேப்பின் சகோதரர் செய்தது கடைசிவரை தீமையே. எரிந்த வீட்டில் மடிந்த குழந்தையை மிஷன் வரலாற்றின் படிக்கல்லாக்குவது கடவுளின் பராமரிப்பை இழிவுபடுத்துவதாகும்.

இரண்டாவது விடை இதற்கு எதிரானது: பேரரசின் கையால் வந்த சபை பேரரசின் சபையே, அதன் வேர் அந்நியம். இதுவும் வரலாற்றுக்கு ஒவ்வாது. லண்டனில் சர்ச் மிஷனரி சங்கம் தோன்றிய அதே 1799ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தமும் அவருடன் இருந்தோரும் திருநெல்வேலிச் சீமையில் முதலூரை நிறுவினர். அதற்கு முன்பே, 1785இல், குளோரிந்தா அம்மையார் பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பினார். 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் அம்மக்களிடையே உழைத்தார். அட்மிரல் தலைவராகு முன்னரே தமிழர் தம் கையால் ஆலயமும் ஊரும் அமைத்து, அடியும் இழப்பும் ஏற்று விசுவாசத்தில் நின்றனர். சங்கம் அவர்களுக்கு உதவிற்று; ஆனால் அவர்களை உண்டாக்கியது சங்கமன்று. சென்னையிலேயே மயிலாப்பூரைச் சார்ந்து வழங்கும் தோமா அப்போஸ்தலரின் மரபை எண்ணுங்கள். அம்மரபு காட்டும் தூதர் பீரங்கியோடு வந்தவரல்லர். ஈட்டியால் குத்தப்பட்டு மாண்டவர். நற்செய்தி கப்பற்படையின் துணையின்றி இந்நாட்டில் வாழமுடியும் என்பதை நம் மக்களின் நினைவு மறக்கவில்லை.

நமக்குரிய பாடம்

அப்படியாயின் கேம்பியருக்கு நாம் நன்றி கூறலாமா? கூறலாம்; கூறவேண்டும். அவருடைய சங்கம் நம் பள்ளிகளைத் தாங்கிற்று. ஆனால் அந்நன்றி முழு உண்மையையும் அறிந்த நன்றியாயிருக்கவேண்டும். நம் சபை வரலாற்று நூல்கள் 1812ஐயும் 1814ஐயும் எழுதும்போது 1807ஐயும் எழுதவேண்டும். கொடையாளரின் ஒரு கையைமட்டும் காட்டும் வரலாறு புகழுரையாகுமேயன்றி வரலாறாகாது. திருமறையே இதற்கு நமக்கு முன்மாதிரி. தாவீதின் ஜெபங்களைப் பாதுகாத்த வேதம், உரியாவின் கதையையும் நீக்காமல் வைத்திருக்கிறது.

மேலும் இவ்வாய்வு நம்மை நோக்கியும் திரும்புகிறது. நம் சபைகளில் குடியையும் புகையையும் கண்டிக்கும் பிரசங்கங்கள் பல. சேரியிலிருப்பவன் கிணற்றில் நீர் எடுக்கத் தடையுண்டானபோது, சபைத் தேர்தலில் சாதியின் பேரால் வாக்குக் கேட்கப்படும்போது, அதே குரல் அதே உறுதியோடு ஒலித்ததா? ஜெபக்கூட்டம் தவறாதவர் தம் தொழிற்சாலையில் கூலியைக் குறைத்தால் நாம் அவரிடம் பேசுகிறோமா, அல்லது அவர் அளிக்கும் காணிக்கையை எண்ணி வாய்மூடுகிறோமா? 1812இல் லண்டனில் கூடியோர், செல்வாக்குள்ள பக்தர் ஒருவரைத் தலைவராக்கி மகிழ்ந்தனர். அவர் பெயரோடு சேர்ந்து வந்த புகையின் வாடையை அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அதே ஆசை நம் ஆலோசனைச் சபைகளிலும் உண்டு.

குருத்துவப் பயிற்சி பெறுவோர் இதனை மனத்திற் கொள்வாராக. ஒருவரின் பக்தி உண்மையானதா என்று மட்டும் கேட்பது போதாது. கேம்பியரின் பக்தி உண்மையானதே. அப்பக்தி எந்த வாசலில் வந்து நின்றுவிட்டது என்றும் கேட்கவேண்டும். அந்த வாசலையும் கடந்து உள்ளே செல்லும்படி விசுவாசிகளைக் கைபிடித்து நடத்துவதே ஆயர் பணி.